சுத்தமான கரண்ட், சுருதி விலகாத இசை

(ஸ்ரீபெரும்புதூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டில் பாட்டுக் கேட்கும் கருவிகளுக்கு எப்படிப்பட்ட மின்சாரம் வேண்டும், கரண்ட் போனால் என்ன செய்வது, கடைகளில் பெரிய விலை சொல்லும் ‘பவர் ரீஜெனரேட்டர்’ என்ற பெட்டி யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை. இதுதான் இன்றைய பேச்சு. இதை ஸ்ரீபெரும்புதூரில் பேசுவதற்குக் காரணம் உண்டு.

பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006ல் நோக்கியா, 2007ல் சாம்சங், 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், 2012ல் டைம்லர், 2013ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. நோக்கியா 2014ல் மூடிவிட்டுப் போனது; மற்றவை பெருகின. இந்த ஆலைகள் ஒவ்வொன்றிலும் விருந்தாளிகளுக்குக் காட்டாத ஓர் அறை இருக்கும். அங்கே ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், அடுக்கடுக்காகப் பேட்டரிகள் இருக்கும், நடுவே பீரோ உயரத்துக்கு யூபிஎஸ் நிற்கும். அந்த அறையைக் காத்து வருகிற பிள்ளைகள் இங்கே பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் அறிவைத்தான் வீட்டு இசைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறேன்.

சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலையில் மின்கோளாறு என்றால் முதலில் அளப்போம், காரணம் தேடுவோம், கடைசியில்தான் கருவி வாங்குவோம். வீட்டில் பாட்டுக் கேட்பவர் முதலில் கருவி வாங்குகிறார், காரணத்தைத் தேடுவதே இல்லை. அந்த வரிசையை நேராக்கினால், நல்ல இசைக்கான நல்ல மின்சாரம் சாதாரணச் சம்பளக்காரர் வீட்டுக்கும் எட்டும்.

ஆலைக்குள் நடப்பது

கரண்ட் கட் மட்டும்தான் ஆலைக்கு எதிரி என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைவிட அடிக்கடி வந்து தொல்லை தருவது ஒரு நொடிக்கும் குறைவான வோல்டேஜ் சரிவு. எங்கோ தூரத்தில் ஒரு லைன் மேல் மின்னல் இறங்குகிறது, அல்லது பக்கத்து ஃபீடரில் மரக்கிளை விழுகிறது. அந்த லைனின் பிரேக்கர் விழுந்து பழுதைப் பிரிப்பதற்குள் சுற்று வட்டாரம் முழுக்க வோல்டேஜ் சரிந்து எழுகிறது. டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டும், அவ்வளவுதான் வெளியில் தெரியும். உள்ளேயோ கான்டாக்டர் விட்டுவிடும், பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி மறந்துவிடும், ரோபோ கை பாதி வழியில் நிற்கும். செல்போன் பலகைகளுக்கு ஈயப்பற்று வைக்கும் அடுப்பு நின்றால் உள்ளே இருக்கும் பலகைகள் வீணாகும். மறுபடி சூடேற்றி வரிசையை ஓட்டப் பொழுது போகும்.

இதற்காகவே செமிகண்டக்டர் துறை ‘செமி எஃப்47’ என்றொரு தரம் வகுத்திருக்கிறது. வோல்டேஜ் பாதியாகக் குறைந்தாலும் கருவி 0.2 நொடி தாங்க வேண்டும். 70 சதவீதத்துக்கு இறங்கினால் 0.5 நொடி, 80 சதவீதத்துக்கு இறங்கினால் 1 நொடி. இதைத் தாங்க முடியாத கருவிகளுக்கு ஆன்லைன் யூபிஎஸ் வைக்கிறோம்.

ஆன்லைன் யூபிஎஸ் செய்கிற வேலை என்ன? வெளியிலிருந்து வருகிற ஏசி மின்சாரத்தை முழுக்க டிசியாக மாற்றுகிறது. அந்த டிசியிலிருந்து புதிதாக 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை உண்டாக்குகிறது. நடுவில் இருக்கும் டிசியோடு பேட்டரி இணைந்தே இருப்பதால் வெளியில் கரண்ட் போனாலும் வெளியீட்டில் துளி இடைவெளியும் வராது. உள்ளே வருவது எப்படி இருந்தாலும் வெளியே போவது புதிதாகப் பிறந்த மின்சாரம். இசைக்கருவிச் சந்தையில் ரீஜெனரேட்டர் என்று விற்பதும் அடிப்படையில் இதுதான், பெரும்பாலும் பேட்டரி மட்டும் இருக்காது. அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் பிஎஸ் ஆடியோ நிறுவனம் 1990களின் கடைசியில் ‘பவர் பிளான்ட்’ என்ற பெயரில் இதை வீட்டு இசைக்காகக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலேயே வளர்ந்த நியூமெரிக் யூபிஎஸ் வணிகத்தை 2012ல் பிரான்சின் லெக்ராண்ட் வாங்கியது. ஆக, இந்தத் தொழில்நுட்பம் நமக்கு அன்னியமானதல்ல. நம் ஊர்க்காரர்கள் செய்து, நிறுவி, பழுதுபார்த்துப் பழகியது.

நாம் கடந்து வந்த இருட்டு

2008 நவம்பரில் தமிழ்நாட்டின் உயரழுத்த இணைப்புகளுக்கு மின்கட்டுப்பாடு வந்தது. 2012ல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால், வெளி மாவட்டங்களில் நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. 2015 வாக்கில்தான் அந்தக் கட்டுப்பாடுகள் விலகின. தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்து வீட்டில் இன்வெர்ட்டர் என்பது ஃபேன், மிக்ஸி போல நிரந்தர உறுப்பினர் ஆனது அந்த ஆண்டுகளில்தான். அப்போது யாரும் அலை வடிவத்தைப் பார்க்கவில்லை. ஃபேன் சுற்றினால் போதும், பிள்ளை பரீட்சைக்குப் படித்தால் போதும் என்றிருந்தது.

இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன், ஏனென்றால் அது இசையை நேரடியாகத் தொட்டது. அது ஃப்ரீக்வென்சி. தென்னிந்திய மின்தொகுப்பு ஒரு காலத்தில் பற்றாக்குறையால் 50 ஹெர்ட்ஸுக்கு வெகு கீழே இறங்கி ஓடியது. 2003 ஜனவரியில் தென்மண்டலத்தில் புதிய கட்டண முறை வந்து, ஃப்ரீக்வென்சி இறங்கும்போது கூடுதலாக இழுப்பவர் அதிக விலை கொடுக்க வேண்டும் என்று ஆனபிறகு ஒழுங்கு வந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் சரிந்தபோது தெற்கு தப்பியது, அவற்றோடு ஒரே அலையில் இணையாமல் தனியாக ஓடியதால். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக நாமும் ஒரே இந்தியத் தொகுப்பில் சேர்ந்தோம். இன்றைக்கு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் என்ற குறுகிய வரம்புக்குள் தொகுப்பை வைத்திருப்பதுதான் விதி.

இதில் இசைக்கு என்ன வந்தது? இசைத்தட்டு சுழற்றும் கருவிகளில் பல, சிங்க்ரனஸ் மோட்டார் வைத்தவை. அதன் வேகம் ஃப்ரீக்வென்சிக்குக் கட்டுப்பட்டது. 50க்குப் பதில் 48.5 ஹெர்ட்ஸ் வந்தால் தட்டு 3 சதவீதம் மெதுவாகச் சுற்றும். பாடகரின் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரம், அதாவது அடுத்தடுத்த இரண்டு ஆர்மோனியக் கட்டைகளுக்கு இடையே இருக்கும் தூரத்தில் பாதி இறங்கிவிடும். மதுரை மணி ஐயர் தட்டைப் போட்டுவிட்டு ஆர்மோனியம் பிடித்துப் பார்த்தவருக்கு இது புரிந்திருக்கும். பிரிட்டனின் லின் நிறுவனம் 1982ல் தன் எல்பி12 கருவிக்கு ‘வல்ஹல்லா’ என்ற மின்சுற்றைத் தந்தது. ஒரு குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு மோட்டாருக்கென்றே தனி 50 ஹெர்ட்ஸ் அலையை அது உண்டாக்கியது. மின்சாரத்தை மறுபடி உருவாக்குவதால் இசை மேம்படும் என்பதற்குத் தெளிவான, அளந்து காட்டக்கூடிய சான்று அதுதான்.

பேட்டரியில் பிறந்த வீட்டு இசை

பேட்டரியில் பாட்டுக் கேட்பது கரண்ட் கட்டுக்குப் பிறகு வந்த சமாளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டியார் முன்னின்று 1924ல் மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அந்த ஜூலையிலேயே ஒலிபரப்பையும் நடத்தினார். அந்தக் காலத்து வால்வு ரேடியோக்கள் பேட்டரியில்தான் பாடின. இழையைச் சூடாக்க ஒன்று, உயர் வோல்டேஜுக்கு ஒன்று என்று தனித்தனி பேட்டரிகள். கரண்ட் இல்லாத கிராமங்களில் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் அப்படித்தான். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. வயல் வரப்பிலும் டார்ச்சு செல்லில் பாட்டு ஒலித்தது.

இன்றைக்கும் இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தில் அதிகம் பேர் பாட்டுக் கேட்பது பேட்டரியில்தான். வல்லம்-வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் குடியிருப்பு வளாகத்தில் 18,720 பெண்கள் தங்கலாம். அங்கேயும், சுங்குவார்சத்திரம், மாத்தூர், படப்பை பக்கத்து வாடகை அறைகளிலும் பாட்டென்றால் கைபேசியும் உள்ளங்கையளவு புளூடூத் ஸ்பீக்கரும்தான். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குள் ஒரு லித்தியம் செல்லும் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயரும் இருக்கின்றன. சார்ஜர் வயரைக் கழற்றிவிட்டால் அது தெருக் கம்பத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பாடுகிறது. ‘ம்ம்’ என்ற ஹம் இல்லை, எர்த் தொல்லை இல்லை. மின்தூய்மை என்று பார்த்தால் பல லட்ச ரூபாய் அமைப்புக்கு அது சளைத்ததல்ல. குறை ஸ்பீக்கரின் அளவில்தான். அதை வைத்துக் கேட்பவர்களைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

ஆம்ப்ளிஃபயர் மின்சாரத்தை என்ன செய்கிறது

இனி பெரிய கருவிக்கு வருவோம். ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு சிடி பிளேயர் அல்லது ஸ்ட்ரீமர். சுவரிலிருந்து வரும் ஏசி, டிரான்ஸ்பார்மரில் இறங்கி, டயோடுகளில் டிசியாகி, பெரிய கெப்பாசிட்டர்களில் சேர்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி அந்தக் கெப்பாசிட்டர். மோட்டார் விட்டு விட்டுத்தான் ஏற்றுகிறது, குழாயில் தண்ணீர் சீராக வருகிறது. இங்கே நொடிக்கு 100 முறை நிரப்பு நடக்கிறது.

அந்த நிரப்பு, அலையின் உச்சியில் மட்டுமே நடக்கிறது. 230 வோல்ட் என்று நாம் சொல்லும் அலையின் உச்சி 325 வோல்ட். அந்த உச்சியை எட்டும் சில மில்லிநொடிகளில்தான் ஆம்ப்ளிஃபயர் கரண்டை இழுக்கிறது. டிவி, கம்ப்யூட்டர், எல்இடி பல்பு எனப் பலவும் அதே உச்சியில்தான் இழுக்கின்றன. தெரு முழுக்க எல்லா வீட்டிலும் இது நடப்பதால் மாலை ஏழு மணிக்கு அலையின் தலை மழுங்கித் தட்டையாகிவிடுகிறது. மீட்டர் வோல்டேஜை ஓரளவு சரியாகவே காட்டும், உச்சி குறைந்திருக்கும். ஆம்ப்ளிஃபயரின் தொட்டி முழுதாக நிரம்பாது. இப்படித் தோன்றும் மூன்றாம் மடங்கு ஹார்மோனிக்ஸ், மூன்று பேஸ்களிலிருந்தும் நியூட்ரலில் வந்து கூடிக்கொள்கிறது. அதனால் நியூட்ரல் கம்பி சூடாகிறது. ஆலைகளில் நியூட்ரலைத் தடிமனாகப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது காதில் கேட்குமா? நல்ல ஆம்ப்ளிஃபயர் தன் மின்வழங்கலின் குறைகளைப் பெருமளவு தள்ளிவிடும்படி வடிவமைக்கப்பட்டது. சாதாரண ஹாலில் நாம் கேட்கும் ஒலிக்குச் சராசரியாக ஒரு வாட்டைச் சுற்றித்தான் செலவாகிறது. தவிலில் ஓங்கி ஓர் அடி விழும் கணத்தில் அது 50 மடங்கு, 100 மடங்கு எகிறும். அந்தக் கணத்துக்குத் தொட்டி நிறைந்திருக்க வேண்டும், வயரும் பிளக்கும் தடையின்றிக் கொடுக்க வேண்டும். பக்கத்து அறையில் ஏசி ஸ்டார்ட் ஆகும்போது 230 என்பது 190 ஆகிற வீட்டில், அந்தத் தவில் அடி மொட்டையாகும். அங்கே மின்சாரத்தைச் சீராக்கினால் வித்தியாசம் தெரியும். 225லிருந்து 235க்குள் நிற்கிற வீட்டில் விலையுயர்ந்த பெட்டி வைத்தாலும் பெரிதாக ஒன்றும் கூடாது. ஆகவேதான் அளக்கச் சொல்கிறேன்.

ஹம் எங்கிருந்து வருகிறது

கருவியை ஆன் செய்து பாட்டுப் போடாமல் ஸ்பீக்கரில் காதை வையுங்கள். ‘ம்ம்’ என்று ஓர் ஒலி வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் அல்லது 100 ஹெர்ட்ஸ். நம் இசைக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று கணக்கோடு பாருங்கள். ஒரு கட்டை சுருதியில் பாடுபவருக்கு நடு சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அவருடைய தம்புராவில் கீழ்ப் பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். நம் ஹம் 100 ஹெர்ட்ஸ்! தம்புராவின் பஞ்சமத்துக்குப் பக்கத்திலேயே, சேராமல், நொடிக்கு இரண்டு அதிர்வு தள்ளி நிற்கிறது. ஆலாபனையின் அமைதியான இடத்தில் அந்த உரசல் காதை அரிக்கும். இசையை மதிக்கிறவர் ஹம்மைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் இதற்கு ரீஜெனரேட்டர் பெரும்பாலும் மருந்தல்ல. ஹம்மின் பொதுவான காரணம் எர்த் சுற்று. ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த், கேபிள் டிவி வயர் வழியாக வரும் எர்த் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள சிறு வோல்டேஜ் உங்கள் ஆடியோ வயரின் வழியே ஓடுகிறது. செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுத்தாலே பல வீடுகளில் பாதித் தொல்லை தீரும்.

ஸ்பீக்கரில் வராமல் ஆம்ப்ளிஃபயர் பெட்டியே உறுமினால் அது வேறு. ஏசியில் சிறிது டிசி கலந்திருந்தால் வளைய வடிவ டிரான்ஸ்பார்மரின் இரும்பு தெவிட்டி அதிரும். ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் ஓட்டும்போது உறுமல் கூடினால் சந்தேகமே வேண்டாம். இதற்கு டிசி தடுப்பான் என்ற சிறிய சுற்று போதும். ரீஜெனரேட்டரும் இதைத் தீர்க்கும்.

ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஹம் போகிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. உலோகப் பெட்டிக்குள் ஒரு வயர் அறுந்து தொட்டால், அடுத்துத் தொடுகிற பிள்ளையின் உடல்தான் எர்த்தாகும். எந்த இசையும் அந்த விலைக்குத் தகுதியானதல்ல.

மின்மறுஉருவாக்கம் யாருக்கு

அப்படியானால் ரீஜெனரேட்டர் எதைத் தீர்க்கும்? வோல்டேஜ் ஏற்றத்தாழ்வு, மழுங்கிய அலை, டிசி கலப்பு, பழைய மோட்டாருக்கான ஃப்ரீக்வென்சி. இந்த நான்கையும் தீர்க்கும். எதைத் தீர்க்காது? எர்த் சுற்றை, மோசமான வயரிங்கை, அறையின் எதிரொலியை, மோசமான ஒலிப்பதிவைத் தீர்க்காது.

அதன் செலவையும் கணக்கிடுங்கள். சும்மா இருக்கும்போதே 50 வாட் எடுக்கும் ஒரு பெட்டியை நாள் முழுக்க ஆனில் வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் முக்கால் பங்கை அந்தப் பெட்டியே தின்றுவிடும். கேட்கும்போது மட்டும் போட்டால் போதும்.

கிட்டத்தட்ட அதே வேலையை 1 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் செய்யும், பேட்டரியும் சேர்த்து. வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, கிரெஸ்ட் ஃபேக்டர், அதாவது கரண்டின் உச்சிக்கும் அதன் பயனுறு அளவுக்கும் உள்ள விகிதம், 3:1 தாங்குமா. ஆம்ப்ளிஃபயர் உச்சியில் மட்டும் இழுப்பதால் இது முக்கியம். இரண்டு, பெரிய டிரான்ஸ்பார்மர் ஆன் ஆகும் கணத்தில் இழுக்கும் வெள்ளத்தைத் தாங்குமா. மூன்று, அதன் ஃபேன் இரைச்சல். அமைதிக்காக வாங்கிய பெட்டியே ஹாலில் இரைந்தால் என்ன பயன்? பக்கத்து அறையில் காற்றோட்டமான இடத்தில் வைத்துத் தனி வயர் இழுங்கள்.

இன்வெர்ட்டரே போதுமா

எல்லார் வீட்டிலும் இருக்கும் இன்வெர்ட்டருக்கு வருகிறேன். பழைய மாடல்கள் ஸ்கொயர் வேவ். அதன் உச்சி 325 வோல்ட் அல்ல, 230 சுற்றுத்தான். ஆம்ப்ளிஃபயரின் தொட்டி மூன்றில் ஒரு பங்கு காலியாகவே இருக்கும். டிரான்ஸ்பார்மர் கரகரக்கும், ஃபேன் முனகும். இசைக்குப் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் மட்டுமே.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தச் சில மில்லிநொடிகளில் பாட்டு வெட்டுமா என்று கேட்பார்கள். கணக்குப் போடுவோம். 10,000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 40 வோல்ட்டில் இருந்தால் மொத்தம் 16 ஜூல் இருக்கும். 100 வாட் இழுத்தாலும் 10 மில்லிநொடிக்கு 1 ஜூல்தான் போகும். பாட்டு அசையாது. ஸ்ட்ரீமர், ரவுட்டர் போன்றவைதான் திரும்ப முதலிலிருந்து தொடங்கும் வாய்ப்பு உண்டு. இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் ஸ்விட்சை யூபிஎஸ் பக்கம் வைத்தால் அந்தத் தொல்லையும் பெரும்பாலும் இராது.

எவ்வளவு நேரம் வரும்? 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி என்றால் 1,800 வாட்-அவர். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால் ஆயுள் கூடும், அது 900. மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால் 700. ஆம்ப்ளிஃபயரும் ஸ்ட்ரீமரும் சேர்ந்து 60 வாட் என்றால் பதினோரு மணி நேரம் பாட்டுக் கேட்கலாம். ஆனால் கூடவே பழைய மாடல் ஃபேன் மூன்றும் நாலு லைட்டும் ஓடினால் மொத்தம் 325 வாட். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த மூன்று ஃபேனையும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள். மின்கட்டணமும் குறையும்.

பேட்டரிக்கு நம் வெயில் பெரிய எதிரி. 25 டிகிரிக்கு மேல் சுமார் 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மே மாதத்தில் தகரக் கூரையின் கீழ் வைத்த பேட்டரி சீக்கிரம் போவதற்குக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ஆலைகளில் பேட்டரி அறைக்கு ஏசி போடுவது ஆடம்பரத்துக்கல்ல. வீட்டில் மாடிப்படிக்குக் கீழ், நிழலும் காற்றும் உள்ள இடம் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பாருங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும். மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், பக்கத்தில் விளக்கேற்றாதீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி முதலில் விலை கூடினாலும் ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் தாங்கும், ஆழமாக இறக்கலாம், தண்ணீர் வேண்டாம். ஆனால் அதற்கேற்ற சார்ஜர் உள்ள இன்வெர்ட்டர் வேண்டும்.

கூரையில் சோலார் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் தெருக் கரண்ட் போனால் சாதாரண ஆன்-கிரிட் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாதபோதும் பாட்டு வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும்.

எதற்குப் பிறகு எது

இப்போது வரிசையைச் சொல்கிறேன். முதலில் எர்த். ஒரு தகுதியான எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அளக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது ஓரிரு வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். வாடகை வீடுகளில் சுவரில் எர்த் துவாரம் இருக்கும், பின்னால் வயர் இருக்காது. கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி கோடையில் வறண்டிருக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டும். எர்த் எப்படி அமைப்பது என்பதற்கு ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரமே இருக்கிறது.

இரண்டாவது வயரிங். மெயின் போர்டிலிருந்து ஆடியோவுக்கென்று தனி வயர், உறுதியான பிளக் பாயின்ட். ஏசியும் ஃபிரிட்ஜும் அதில் வரக் கூடாது.

மூன்றாவது பாதுகாப்பு. தெருவில் நியூட்ரல் அறுந்தால் 230 வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரை ஏறும். ஒரே இரவில் தெரு முழுக்க டிவியும் செட்டாப் பாக்ஸும் புகைந்த கதை உங்கள் தெருவிலும் நடந்திருக்கும். அதிக வோல்டேஜ் வந்தால் துண்டிக்கும் சாதனமும், கசிவு மின்சாரம் வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியும் மெயின் போர்டில் வேண்டும். ஆம்ப்ளிஃபயரை மட்டுமல்ல, வீட்டு மனிதர்களையும் அவை காக்கும்.

நான்காவது பேட்டரி, ப்யூர் சைன் வேவ். ஐந்தாவதாக, இவ்வளவுக்குப் பிறகும் வோல்டேஜ் ஆடுகிறது, அலை மழுங்குகிறது என்று அளந்து தெரிந்தால் மட்டும் ஆன்லைன் யூபிஎஸ்ஸோ ரீஜெனரேட்டரோ. முதல் மூன்று படிகளுக்கு ஆகும் செலவு, ஐந்தாவது படியின் விலையில் சிறு பங்குதான். பெரும்பாலான வீடுகளுக்கு நான்காவது படியோடு வேலை முடிந்துவிடும்.

நண்பர்களே, சுங்குவார்சத்திரத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் நிற்கின்றன. ஆலைகளுக்குத் தனி ஃபீடர், சொந்த மின்மாற்றி, ஜெனரேட்டர், யூபிஎஸ் எல்லாம் இருக்கின்றன. அந்த ஆலையில் வேலை பார்க்கிறவரின் வீட்டில் எர்த்தே இல்லை. ரோபோ கைக்குக் கிடைக்கும் மின்சாரம் அதை இயக்கும் மனிதரின் வீட்டுக்குக் கிடைப்பதில்லை. இது எனக்கு உறுத்துகிறது. திருக்கோட்டியூர் கோபுரத்தில் ஏறி, மறைத்து வைத்த மந்திரத்தை எல்லாருக்கும் சொன்ன ராமானுஜர் பிறந்த மண் இது. மதிலுக்குள் இருக்கும் இந்த அறிவும் தெருவுக்கு வர வேண்டும்.

ஆகவே பராமரிப்புப் பிரிவுத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் என் வேண்டுகோள். ஆளுக்கு ஒரு மல்டிமீட்டர் வைத்திருக்கிறீர்கள். உங்கள் தெருவில் உள்ள வீடுகளின் எர்த்தை அளந்து கொடுங்கள். ஐடிஐ, பாலிடெக்னிக் ஆசிரியர்கள் மாணவர்களுக்கு இதைச் செய்முறைப் பாடமாக வையுங்கள். வீட்டுக்காரர்கள் கம்பத்தில் பொறி தெறித்தாலோ, லைட் ஒரு பக்கம் பிரகாசமாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும் எரிந்தாலோ அன்றைக்கே மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். 2021ல் தொடங்கிய மின்னகம் என்ற மையம் இரவும் பகலும் புகார் வாங்குகிறது. வீட்டு உரிமையாளர்கள் அறைக்கு அறை சப்மீட்டர் வைப்பது போல எர்த் வயரும் இழுத்துக் கொடுங்கள்.

எட்டு மணி நேரம் இயந்திரச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் இரண்டு மணி நேரம் தூய்மையான இசை கேட்கும் உரிமை இருக்கிறது. அதற்கு வேண்டிய அறிவும் கருவியும் ஆளும் இந்தச் சாலையிலேயே இருக்கும்போது, அது கிடைக்காமல் போக எந்தக் காரணமும் இல்லை. இந்த வாரமே எர்த்திலிருந்து தொடங்குங்கள்.